உதயகலா ரீச்சரின் செத்த வீடு

எங்கள் படத்தைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் ஒரு கேள்வியைக் கேட்காமல் விடுவதில்லை. பெட்டிக்குள் கிடக்கும் பிணத்தின் மூடிய கண்ணிலிருந்து நீர் வடிகிறதே, அதை எப்படி எடுத்தீர்கள்? கிளிசரின் என்று சொல்லி நழுவிவிடுவேன். உண்மையைச் சொல்வதென்றால் உதயகலா ரீச்சரின் கதை முழுவதையும் சொல்ல வேண்டும். இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன்.

உதயகலாவுக்கு நாற்பத்துநான்கு வயது. சண்டிலிப்பாயில் ஓர் ஒழுங்கையின் கடைசி வீட்டில் தனியே இருக்கிறார். காலையில் நேசறிப் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுப்பார். பின்னேரம் கத்தரிக்குத் தண்ணீர் விடுவார். இவ்வளவு சாதுவான மனுசிக்கு ஊரில் 'பேய் ரீச்சர்' என்று பட்டப்பெயர். பிள்ளைகள் வைத்ததல்ல, தாய்மார் வைத்தது.

2002இல், சண்டை நின்றிருந்த காலத்தில், ஊர் இளைஞர்கள் கலியாணவீடு பிடிக்கும் வீடியோக் கமராவால் இந்த வீட்டில் வைத்தே ஒரு பேய்ப்படம் எடுத்தார்கள். பேயாக நடிக்க ஒரு பெண்ணும் வரவில்லை. இருபத்துமூன்று வயது உதயகலா நான் வருகிறேன் என்றார். முகத்தில் கோதுமை மாவை அப்பி, தலையை விரித்துப் போட்டு நடித்தார். படம் ஊரெல்லாம் ஓடியது. அவருக்குப் பேசி முடித்திருந்த கலியாணம் நின்றது. பேய் வேசம் போட்ட பெட்டை எங்களுக்கு வேண்டாம் என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லி அனுப்பினார்கள்.

அந்தச் சம்பந்தத்துக்காக வீடு வீடாய் அலைந்தவர் சுன்னாகத்தில் வாழ்க்கைப்பட்ட அக்கா செல்வநாயகி. தாயில்லாத தங்கையைத் தூக்கி வளர்த்தவரும் அவரே. அவர் வந்து முற்றத்தில் நின்று, "நீ செத்தாலும் இந்தப் படலையை மிதிக்கமாட்டன்" என்று சொல்லிவிட்டுப் போனார். போனது போனதுதான். இருபத்தொரு வருடம். சுன்னாகம் அரை மணித்தியாலப் பயணம்கூட இல்லை. இவர் போய்க் கூப்பிடவில்லை, அவர் வரவில்லை. கேட்டபோது எனக்கு இரண்டு பேரிலும் ஆத்திரம்தான் வந்தது. வீம்புக்கும் ஓர் அளவு வேண்டாமா?

அந்தப் பழைய படத்தைச் சிறுவயதில் தலையணையால் முகத்தை மூடிக்கொண்டு பார்த்த பிரவீணன், வளர்ந்து இயக்குநராகி, அதையே மறுபடி எடுக்க முடிவு செய்தான். அதே வீட்டில், அதே கதை. காட்சிக்கு வேண்டிய பொருளெல்லாம் ஒழுங்குபடுத்தும் வேலை எனக்கு. என் பெயர் கோபிசங்கர், ஊர் கோண்டாவில்.

பழைய படத்தை நாங்கள் நாலு தரம் போட்டுப் பார்த்தோம். சனம் பயப்பட வேண்டிய செத்த வீட்டுக் காட்சியில் எல்லோரும் சிரித்தார்களாம். காரணம் தோரணம். கலியாணத்துக்குக் கட்டும் தோரணத்தில் குருத்தோலையில் மடித்த குருவிகள் மேலே பார்க்கும், செத்த வீட்டில் கீழே பார்க்கும். அவர்கள் கலியாணத் தோரணத்தைக் கட்டிவிட்டிருந்தார்கள். என் படத்தில் அந்தப் பிழை வராது என்று நான் வீறாப்புப் பேசினேன்.

பெட்டிக்குள் படுக்கும் தாய் வேசத்துக்குத்தான் ஆள் கிடைக்கவில்லை. உயிரோடு பெட்டிக்குள் படுத்தால் ஆயுள் குறையுமாம். கடைசியில் வீட்டுக்காரியையே கேட்டோம். உடனே தலையாட்டினார்.

"பயமில்லையே ரீச்சர்?" என்றேன்.

"எனக்கென்ன பயம் தம்பி. என்ரை செத்த வீட்டுக்கு அக்கா வரமாட்டன் எண்டு சொன்னவ. அவ இல்லாமல் அது எப்பிடி இருக்கும் எண்டு ஒருக்காக் கிடந்து பாக்கிறன்."

நான் பெட்டிக்கு அளவெடுக்கத் தொடங்கினேன்.

அழுவதற்கு வெளியூரிலிருந்து எட்டுப் பெண்களைக் கூட்டிவந்தோம். முதல் நாள் ஒத்திகை முடிந்ததும் அவர்களில் குணலட்சுமி என்பவர் பெட்டியைப் பார்த்து, "அப்ப ரீச்சர், நான் போட்டு வாறன்" என்று விடைபெற்றார். மற்ற ஏழு பேரும் பாய்ந்து விழுந்தார்கள். "செத்த வீட்டிலை வாறன் எண்டு சொல்லுறதே? பேசாமல் போகவேணுமெல்லே!" நடிப்புப் பெட்டிதான், ஆனாலும் குணலட்சுமி நாக்கைக் கடித்துக்கொண்டார்.

மறுநாள் விடியவே ஒழுங்கை முகப்பிலிருந்து வாசல் படலைவரை தோரணம் கட்டினேன். குருவிகள் எல்லாம் கீழே பார்த்தன, ஒரு குறை சொல்ல முடியாது. அங்கேதான் பிழை வந்தது. எங்கள் சனத்துக்குச் செத்த வீட்டுக்கு அழைப்பு வேண்டாம், தோரணம் போதும். அந்த ஒழுங்கையில் தனியே இருக்கிற பொம்பிளை ஒருவர்தான். ஒன்பது மணிக்கே நேசறித் தாய்மார் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். பேய் ரீச்சர் என்று சொன்ன அதே வாய்கள் "தங்கமான மனுசி" என்று அரற்றின. படப்பிடிப்பு என்று சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை வற்றியது. பிரவீணனுக்கோ சந்தோசம். "கூட்டம் தானாய் வருது, விடுங்கோ அண்ணை" என்றான்.

வெங்காயத்தோடு சுன்னாகம் சந்தைக்குப் போன அருளம்பலம் என்பவரும் தோரணத்தைக் கண்டிருக்கிறார். அது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

பத்தரைக்குக் கமரா ஓடத் தொடங்கியது. அழுகை உச்சத்துக்கு வந்ததும் நான் பெட்டியின் கால்மாட்டில் இரண்டு தட்டுத் தட்டுவேன், பிணம் கண் திறக்க வேண்டும். அந்த நேரம் வெள்ளைச் சேலை கட்டிய ஒரு முதிய பெண் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடிவந்து பெட்டியில் விழுந்தார். பிரவீணன் நான் கூட்டிவந்த ஆள் என்று நினைத்தான், நான் அவன் கூட்டிவந்த ஆள் என்று நினைத்தேன்.

"நான் வரமாட்டன் எண்டு சொன்னா நீ நம்பியிருந்திட்டியே! அக்கா வா எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா ஓடி வந்திருப்பனே, என்ரை குஞ்சு! உன்ரை கலியாணம் உன்னாலையே குழம்பினது? அவங்கள் போனாப் போகட்டும் எண்டு நானெல்லே உன்னோடை நிண்டிருக்கவேணும்!"

நெஞ்சில் அடித்து அழுதார். மற்றப் பெண்கள் தங்கள் ஒப்பாரியை மறந்து வாயைப் பிளந்து நின்றார்கள். நான் இரண்டு தட்டுத் தட்டினேன். கண் திறக்கவில்லை. இன்னும் பலமாகத் தட்டினேன். மூடிய இமைக்குக் கீழே நீர் கசிந்து, பவுடரைக் கரைத்துக்கொண்டு காதுவரை இறங்கியது.

"கட்!" என்று கத்திய பிரவீணன் கைதட்டினான். செல்வநாயகி நிமிர்ந்து கமராவைப் பார்த்தார். உதயகலா எழுந்து உட்கார்ந்தார். அக்கா தங்கையை ஒரு கணம் பார்த்தார், பிறகு கன்னத்தைப் பொத்தி ஓர் அறை விட்டார். அறைந்த கையாலேயே அந்தக் கன்னத்தைத் தடவினார்.

"இந்த வயதிலையும் முகத்திலை மாப் பூசுறதை விடேல்லை என்ன?"

அன்றைக்கு மேற்கொண்டு ஒரு காட்சியும் எடுக்கவில்லை. இருவரும் குசினிக்குள் அடுப்படியில் இருந்து பின்னேரம்வரை கதைத்தார்கள். இடையில் வெளியே வந்த ரீச்சரிடம், நான் தட்டியது கேட்கவில்லையா என்று கேட்டேன்.

"கேட்டது தம்பி. கண்ணைத் திறந்தா அக்கா நிப்பாட்டிப்போடுவா."

நாலு மணிக்குச் செல்வநாயகி புறப்பட்டார். தோரணத்தை நான் இன்னும் அவிழ்க்கவில்லை. படலையில் அதற்குக் கீழே நின்று திரும்பிப் பார்த்தார்.

"உதயா, நான் போட்டு வாறன்."

குணலட்சுமியும் மற்றப் பெண்களும் அங்கேதான் நின்றார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

"ஓம் அக்கா, வாங்கோ," என்றார் உதயகலா.