தேடுபொறி கேட்ட சொல்

என் கோணல் கையெழுத்தையும் பிழைகளையும் மன்னியுங்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன்.

சூரிச்சிலிருந்து பக்கத்து நாட்டின் ஊன்ட்றொப் அம்மன் கோயில் தேர்த்திருவிழாவுக்கு வந்திருக்கிறேன். கால்வாய்க்கரையில் ஓர் அக்கா, தான் பாடிய அம்மன் பாட்டுகளை இசைத்தட்டில் விற்கிறார். யாரோ அவற்றைத் திருடி இணையத்தில் போட, ஒரு சீனத் தேடுபொறி அந்த இடத்தை எல்லோருக்கும் காட்டுகிறதாம்.

"கள்ளனை விட்டிட்டு, வழி காட்டினவனிலையோ பிழை, அக்கா?"

"ஓம் தம்பி. களவெண்டு அறிவிச்ச பிறகும் காட்டினால் அவனும் பொறுப்பெண்டு அந்த நாட்டுச் சட்டம் சொல்லுது. மகளைக்கொண்டு அந்தக் கம்பனிக்கு எழுதுவிச்சனான். எடுத்திட்டாங்களோ பாப்பம்."

கைப்பேசிக்குத் திருநீறு பூசி என்னிடம் நீட்டுகிறார். "எனக்குப் பயமாக் கிடக்கு. நீங்கள் அமத்துங்கோ."

தேடல் பொத்தானை அழுத்துகிறேன். அவர் பாட்டு ஒன்றுகூட வரவில்லை. அவ்வளவு பெரிய கம்பனி, இந்தக் கால்வாய்க்கரை அக்காவின் சொல்லைக் கேட்டிருக்கிறது! நானும் ஓர் இசைத்தட்டு வாங்குகிறேன்.

அவரிடம் வாங்கிய பாட்டைக் கேட்டபடி எழுதியது: தேர்த்திருவிழா ஞாயிறு.