ராஜாவுக்கு மார்க் போட்ட பிள்ளைகள்

சரித்திர வாத்தியார் வேலையில், செத்துப்போன ராஜாக்களால் தொல்லையே இல்லை. அவர்களுக்கு மார்க் போடும் பிள்ளைகளால்தான் தொல்லை. சிவப்பு மசியில் விரல் ஊறிப்போன சக வாத்தியார்களே, உங்களுக்குத் தெரியாததா? ஆந்திரா தனி ராஜ்யமாகி, எல்லைத் தகராறு ஓயாத நேரம். ஆந்திராவோடு சேர்ந்துவிட்ட புத்தூர்ப் பக்கத்துப் பள்ளியில் நான் தமிழ்ப் பிரிவு வாத்தியார். இன்ஸ்பெக்டருக்குத் திருப்தி இல்லையென்றால் எங்கள் பிரிவை மூடிவிடுவார்கள் என்று ஹெட்மாஸ்டர் சொன்னதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பாடமோ, கங்கை வரை படையெடுத்த சோழ ராஜா!

போன இடமெல்லாம் சொந்தம்

மேப்பில் ராஜா ஆண்ட இடத்துக்குக் கலர் அடிக்கச் சொன்னேன். கோவிந்தன் கங்கை வரைக்கும் சிவப்பு தீட்டிவிட்டான். படை போனது, ஜெயித்தது, திரும்பிவிட்டது. அங்கே உட்கார்ந்து ஆளவில்லையடா என்று தொண்டை கிழியக் கத்தினேன். அவன் அசையவில்லை. பூந்தோட்டக்காரர் மகள் கன்னியம்மா எழுந்தாள்: "எங்க நைனா தெனம் பூ எடுத்துக்கினு திருப்பதிக்குப் போறாரு சார். அதுக்காவ திருப்பதி எங்களுதாயிடுமா?"

நம்மாள் என்றால் வீரம்

தெலுங்குப் பிரிவு சரித்திர வாத்தியார் என் சிநேகிதர். ஒருநாள் விடைத்தாள் கட்டுகளை மாற்றித் திருத்தினோம். சோழ ராஜா வடக்கே போனது என் பிள்ளைகளுக்கு வீரம், அவர் பிள்ளைகளுக்கு அட்டூழியம். தெலுங்கு ராஜாவான ராயரின் படை தெற்கே வந்ததற்கு அப்படியே தலைகீழ்! எனக்கு ரத்தம் கொதித்தது. அவர் விழுந்து விழுந்து சிரித்தார்: "மாஸ்டாரு, அடி வாங்கின ஊர்க்காரன் ஒருத்தனும் பரீட்சை எழுதல போல இருக்கே!"

எல்லாம் ராஜா செய்தது

இன்ஸ்பெக்டர் வந்தேவிட்டார். தெலுங்குக்காரர், தமிழும் சரளம். "ராஜாவால உங்க ஊருக்கு என்ன நன்மை?" என்றார். கோவிந்தன் துள்ளி எழுந்தான்: "ஏரி சார்! ராஜாதான் வெட்டினாரு!" இன்ஸ்பெக்டர் உதட்டைப் பிதுக்கினார். போச்சு, வகுப்பு போச்சு என்று எனக்கு வியர்த்தது.

கன்னியம்மா கையைத் தூக்கினாள். "ஏரிக்கர கல்லுல ராஜா பேரு கீது சார். ஆனா வருசா வருசம் வூட்டுக்கு ஒராளு போயி தூர் வார்றது நாங்கதான். தமிழு வூடு, தெலுங்கு வூடு, எல்லாந்தான். நாங்க வுட்டுட்டா ராஜா பேரு இருக்கும், தண்ணி இருக்காது."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இதைச் சொல்லிக்கொடுத்தவன் நானில்லையே! இன்ஸ்பெக்டர் நோட்டை மூடிவிட்டு ஹெட்மாஸ்டரைப் பார்த்தார்: "இந்த வகுப்பை மூடிட்டா, இப்படி ஒரு பதிலை நான் எங்க போய்க் கேக்கறது?"

படையெடுக்காமலே ஒரு வகுப்பறையைத் தக்கவைத்த கன்னியம்மாவைப் பற்றி மட்டும் இதுவரை எந்தப் பரீட்சையிலும் கேள்வி வந்ததில்லை.