மூன்று தலைமுறை ஷாஃப்ட்டும் பதினைந்து மில்லிமீட்டரும்

காலை பத்தரை மணி, மேஜையில் மூன்று ஷாஃப்ட், கொண்டு வந்தவர் ரோசலின் என்ற செம்பூர்ப் பெண். அளவு பார்த்துப் பிழைக்கும் தொழிலில், ஒரே மாதிரி மூன்று சாமானோடு படியேறுபவரைக் கண்டால் உஷாராகிவிட வேண்டும். எது ஆகாது என்று சொல்லும் பழி நம் தலையில் விழப்போகிறது என்று அர்த்தம். கிரைண்டிங் கடை வைத்திருக்கும் சகோதரர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

முள் நின்ற இடம்

மும்பை தாராவியில் எங்கள் கடைக்குத் தேய்த்துச் சரிசெய்ய வருவதெல்லாம் டெம்போ, டாக்ஸி, தண்ணீர் லாரியின் பிஸ்டன் சுழற்றும் தண்டான கிராங்க் ஷாஃப்ட்டுகள்தான். ரோசலின் கொண்டுவந்தது ரோட்டரி எஞ்சினுடையது. அந்த எஞ்சினில் பிஸ்டன் கிடையாது. முக்கோண வடிவ ரோட்டர்கள் இரண்டு, நடுவிலிருந்து விலகி நிற்கும் வட்ட மேடுகளின்மேல் சுற்றும். அந்த மேடுகள் உள்ள தண்டுதான் இது. மூன்றில் ஒன்று அவருடைய காரில் இருந்தது. எண்ணெய் வறண்டு கீறல் விழுந்துவிட்டது. மற்ற இரண்டும் குர்லா பழைய சாமான் கடையில் கிடைத்தவை. ஒன்று எழுபதுகளில் செய்தது, இன்னொன்று இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்தது.

மேடு எவ்வளவு விலகியிருக்கிறது என்று, முள்ளால் நுண்ணளவு காட்டும் டயல் கேஜ் வைத்துப் பார்த்தேன். பழையதில் பதினைந்து மில்லிமீட்டர். அவருடையதில் பதினைந்து. புதியதிலும் பதினைந்து. கேஜ்மேல் சந்தேகம் வந்து வேறொன்றை மாட்டினேன். அதிலும் முள் அதே இடத்தில் நின்றது. முப்பது வருஷத்தில் காரின் உருவமே மாறிவிட்டது. உள்ளே இருக்கும் இந்த ஒரு விலகலை யாரும் தொடவில்லை. கிரைண்டிங் மெஷினில் நிற்கும் என் தொழில் கூட்டாளி காதர் பாய் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “ஒரே குடும்பத்துல மூணு தலைமுறைன்னா மூக்காவது மாறியிருக்கும்லா, அண்ணாச்சி!”

ஒரு விரல் குறை

ரோசலினின் அப்பா கப்பலில் வேலை பார்த்தவர். அவர் ஜப்பானிலிருந்து இறக்கிய கார் அது. செம்பூரில் அவர்கள் வீட்டுக் கீழே பல வருஷமாக ஓடாமல் நிற்கிறது. அப்பா தினமும் சாயங்காலம் அதில் உட்கார்ந்துதான் பேப்பர் படிப்பார். இப்போது கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டப்போகிறார்கள். மாதக் கடைசிக்குள் கார் தானாக ஓடி வெளியே போக வேண்டும், இல்லையென்றால் எடைக்குப் போட வேண்டும் என்று குடியிருப்பு சொசைட்டி செயலாளர் சொல்லிவிட்டாராம்.

எழுபதுகளின் ஷாஃப்ட்டை ரோசலினுடையதன் பக்கத்தில் நீட்டி வைத்தேன். விலகல் ஒன்றுதான், தடிமன் ஒன்றுதான், நீளம் மட்டும் ஒரு விரல் அகலம் குறைவு. எழுபதுகளில் ரோட்டரின் அகலம் எழுபது மில்லிமீட்டர். அவருடைய எஞ்சினில் எண்பது; இரண்டு ரோட்டருக்கும் சேர்த்து இருபது வித்தியாசம். எஞ்சினைப் பெரிதாக்க நினைத்தவர்கள் ரோட்டரை அகலமாக்கியிருக்கிறார்கள், விலகலில் கை வைக்கவில்லை. நான் அதிலேயே லயித்து நின்றேன். ரோசலின் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “அண்ணே, அதிசயத்த அப்புறம் பாப்போம். இது ஆகாதுன்னா ஆகாதுன்னு சொல்லிருங்க, எனக்கு ஐரோலில ஆபீஸ் இருக்கு.”

ஆடும் தண்டு

புதியது நீளத்திலும் சரியாக இருந்தது. இனி பேலன்ஸ் மட்டும்தான். கிராங்க் ஷாஃப்ட்டை மெஷினில் சுற்றவிட்டு, ஆடும் பக்கத்தில் டிரில் போட்டு எடையைக் குறைப்பது நம் எல்லோருக்கும் கைவந்த வேலை. எந்தத் தண்டைக் கண்டாலும் கை தானாக டிரில்லுக்குப் போகும். காதர் பாய் ஆகாத பழைய ஷாஃப்ட்டில் முதலில் பழகிப் பார்த்தார். அது பேயாட்டம் ஆடியது. ஒரு துளை போட்டார், இன்னொன்று போட்டார், ஆட்டம் நிற்கவில்லை. சலித்துப்போய்ப் புதியதை ஏற்றினார். அதே ஆட்டம். சாக்பீஸால் குறி போட்டு டிரில்லை எடுத்துவிட்டார்.

“இருங்க பாய், அந்தப் பொண்ணோடதையும் ஏத்திப் பாப்போம்” என்றேன். காரில் ஓடிய தண்டு அது. அதுவும் அப்படியே ஆடியது. மூன்றும் ஒரே மாதிரி ஆடினால் அது பழுதாக இருக்க முடியாது. இந்தத் தண்டு தனியாகச் சுற்றினால் ஆடத்தான் செய்யும். முன்னும் பின்னும் மாட்டும் எடைகளும் ரோட்டர்களும் சேரும்போதுதான் அடங்கும். புதிய ஷாஃப்ட்டோடு குர்லாக் கடைக்காரர் கொடுத்திருந்த ரோட்டரைப் பக்கத்து பிளாஸ்டிக் கிடங்குத் தராசில் போட்டோம். ரோசலினுடையதைவிட இலேசு; எடைகளோ அந்தந்த ரோட்டரின் கனத்துக்குப் பொருத்திச் செய்தவை. ஆக, புதிய ஷாஃப்ட்டில் அவருடைய ரோட்டர்களும் அவருடைய பழைய எடைகளும்தான் ஏற வேண்டும். காதர் பாய் சாக்பீஸ் குறியைத் துணியால் துடைத்தார். “நல்லவேளை அண்ணாச்சி. இதத் தொளச்சிருந்தா அந்தப் பொண்ணு என்னையும் சேத்துக் குர்லால எடைக்குப் போட்டிருக்கும்.”

செம்பூரில் ஒரு ஞாயிறு

எஞ்சினை மாட்டிய மெக்கானிக் சாவியைத் திருப்பும்போது நானும் காதர் பாயும் காரின் அருகில் இருந்தோம். கட்டடத்தில் பாதி வீடு காலி. செயலாளர் கேட்டருகே போனைக் காதில் வைத்தபடி நின்றார். காரைத் தூக்கிச் செல்லும் வண்டிக்குச் சொல்லி வைத்திருந்தார். முதல் இரண்டு தடவை இருமல். மூன்றாவது தடவை வெள்ளைப் புகை, பிறகு ஒரே சீரான ரீங்காரம். எஞ்சின் மூடியான பானெட்மேல் கை வைத்தேன். உள்ளே அந்தத் தண்டு சுற்றுகிறது; கைக்கு நடுக்கமே தெரியவில்லை. மெஷினில் அது ஆடிய ஆட்டத்தை நேரில் பார்த்திராவிட்டால் நானே நம்பியிருக்க மாட்டேன்.

ரோசலின் அப்பாவைப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு கேட்டைத் தாண்டினார். அப்பா மடியில் பேப்பர், பிரிக்கவில்லை. செயலாளர் போனைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு எங்களைப் பார்த்தார். “அரே பாய், யே காடி ஹை யா சிலாய் மஷீன்?” இது காரா, தையல் மெஷினா என்று கேட்டார்.

பிப்ரவரி ஒன்பதாம் தேதி காலை கட்டடத்தை இடிக்கத் தொடங்கினார்கள். அந்நேரம் ரோசலினும் காரும் ஐரோலி பாலத்தில், ஆபீஸ் போகும் நெரிசலில், ஓடும் எஞ்சினோடு, நகராமல் நின்றுகொண்டிருந்தார்கள்.