தள்ளு டிராலியில் ஏறியவர்கள்

தண்டவாளத்தின் மேல் வெறுங்காலோடு ஓடத் தெரிந்தவனுக்குத்தான் டிராலிமேன் வேலை. மேலதிகாரியைத் தள்ளியே பிழைத்தவர்கள் உங்களிலும் இருப்பார்கள். நான் நிஜமாகவே தள்ளினேன். நாலு சக்கரத்தின் மேல் ஒரு பெஞ்சு, அதில் குடையோடு தண்டவாளம் சோதிக்கும் இன்ஸ்பெக்டர், பின்னால் இரண்டிரண்டு பேராக மாறி மாறி ஓட நாங்கள் நாலு பேர். சீர்காழிப் பக்கம் எங்கள் பாதை. அறுபத்தேழில் ஆட்சி மாறிய புதுசு.

மிராசுதார் வந்தார்

அந்த ஐப்பசி வெள்ளத்தில் சாலை அறுந்துவிட்டது. ரயில் கரை ஒன்றுதான் மேடு. எங்கள் ஊர் மிராசுதார் முழங்கால் சேற்றோடு கரையேறி வந்து, டவுனில் மகளுக்குப் பிரசவ வலி என்றார். இன்ஸ்பெக்டர் தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தார். என் அப்பா மிராசுதார் வீட்டுப் பண்ணையாள். எங்கள் நிழல்கூட அவர் மேல் பட்டதில்லை.

பாலத்தில் டிராலி குலுங்கியது. கீழே வெள்ளம். சட்டென்று என் கையைப் பிடித்த மிராசுதார், பாலம் தாண்டும்வரை விடவில்லை. இறங்கியதும் பள்ளத்துத் தண்ணீரில் கை கழுவினார். "கையில சேறா இருக்கும்" என்றேன். கூட ஓடிய மாணிக்கம் சொன்னான்: "சேறு அவரு கால்லதானே இருந்துச்சு. கழுவுனது கையை."

அஞ்சலை

தை அறுப்பில் கூலித் தகராறு. மிராசுதார்கள் வெளியூர் ஆட்களை இறக்கினார்கள். எங்கள் ஜனங்கள் வயலில் குறுக்கே நின்றார்கள். கைகலப்பில் அஞ்சலை என்ற பெண்ணுக்குத் தொடையில் அரிவாள் வெட்டு. அவள் புருஷன் தூக்கிக்கொண்டு கரைக்கு ஓடிவந்தான். வெளி ஆளை ஏற்றக் கூடாது என்பது சட்டம். மிராசுதாருக்கு வளைந்த சட்டம் இவளுக்கு வளையுமா என்று நான் இன்ஸ்பெக்டர் முகத்தையே பார்த்தேன்.

அவர் இறங்கினார். தன் துண்டால் காயத்தை இறுக்கிக் கட்டி, அவளை பெஞ்சில் படுக்கவைத்தார். நடுவில் கூட்ஸ் வண்டி வந்தது. அவளைச் சரிவில் கிடத்தி, டிராலியைத் தூக்கி ஓரம் வைத்து, வண்டி போனதும் மறுபடி ஏற்றினோம். தொந்தியும் மூச்சிரைப்புமாக அவர் கூடவே ஓடி, அவள் முகத்துக்குக் குடை பிடித்தார். அரை மயக்கத்திலும் அவளுக்கு அது பொறுக்கவில்லை: "நீங்க ஏறிக்கங்க சாமி, நான் ஓரமா ஒதுங்கிக்கிறேன்."

விசாரணை

அஞ்சலை பிழைத்தாள், நடை மட்டும் சாய்ந்துவிட்டது. கலகக்காரியை சர்க்கார் டிராலியில் ஏற்றியதாக யாரோ மொட்டைக் கடுதாசி போட்டிருந்தார்கள். மேலிடத்திலிருந்து ஒரு அதிகாரி வந்தார். சாட்சியாக நானும் நின்றேன். சட்டத்தை மீறியதை இன்ஸ்பெக்டர் அப்படியே ஒப்புக்கொண்டார். அதிகாரி விடாமல், "அவ எந்தக் கட்சி?" என்றார். அடுத்த வாரமே இன்ஸ்பெக்டரைப் பேராவூரணிப் பக்கம் மாற்றிய பதில் இதுதான்: "கேக்கலைங்க சார். ரத்தம் போய்க்கிட்டிருந்துச்சு."

முப்பது வருஷம் ஓடினேன். ஏறியவர்களெல்லாம் எங்கெங்கோ போய்ச் சேர்ந்தார்கள், நான் மட்டும் தினமும் சாயங்காலம் புறப்பட்ட ஸ்டேஷனுக்கே வந்து சேர்ந்தேன்.