விரலில் முளைத்த சிவப்பு

இரண்டு மாதத்துக்கு முன் என் இடது ஆட்காட்டி விரலில் சிவப்பாக ஒன்று முளைத்தது.

காரைக்கால்மேட்டில் கிழிந்த வலைகளைச் சரிசெய்வது என் வேலை. வலையில் சிக்கிக் கிடந்த கெளுத்தி முள் குத்திவிட்டது. இதெல்லாம் ஒரு காயமா? கழுவிவிட்டு வேலையைப் பார்த்தேன்.

பத்து நாளில் மிளகு அளவு. இருபது நாளில் சுண்டைக்காய் அளவு. ஈரச் சிவப்பு. வலி இல்லை. ஆனால் நூல் உரசினால் போதும் — ரத்தம் கொட்டும்.

பக்கத்தில் உட்கார்ந்து வலை பார்க்கும் காசி சிரித்தான்.

“என்னண்ணே, பவழ மோதிரமா? பொண்ணு கிண்ணு பாக்குறீங்களா?”

“போடா.”

“அட, மருண்ணே அது. நைலான் நூலால இறுக்கிக் கட்டி விடுங்க. தானா விழுந்துரும்.”

எங்களுக்கு மரு என்றால் இதுதான் வைத்தியம். வலைக்காரனுக்கு நூலுக்கா பஞ்சம்? வீட்டுக்குப் போய்க் கட்டினேன். ஒரு முனையைப் பல்லில் கடித்து, மறு முனையை வலது கையால் இழுத்து... பிடித்துக்கொள்ள வீட்டில் இன்னொரு கை இல்லை.

அந்தச் சிவப்பு பிய்ந்து வந்துவிட்டது. துண்டெல்லாம் ரத்தம். அழுத்திப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் பயம் வந்தது. என் மனைவி போனது புற்றுநோயில். அவளுக்கும் முதலில் வலிக்கவில்லை.

நாலே நாளில் அது மறுபடி வளர்ந்தது. ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறினேன்.

டாக்டர் சின்னப் பெண். “கூட யாரும் வரலீங்களாய்யா?”

“ஒரு விரலுக்கு எத்தன பேரும்மா?”

அவர் சிரிக்கவில்லை. விரலைத் திருப்பிப் பார்த்தார்.

“முள்ளு ஏதும் குத்துச்சா?”

“ஆமா.”

“குத்துன எடத்துல சின்னச் சின்ன ரத்தக் குழாய்ங்க கூடி வளந்திருக்கு. வேகமா வளரும், தொட்டா ரத்தம் வரும். மரு இல்ல. இனிமே நூலெல்லாம் கட்டாதீங்க.”

“புத்துநோயா?”

“அப்புடித் தெரியலைங்க. ஆனா கண்ணால பாத்து முடிவு பண்ணக் கூடாது. எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்புறேன்.”

மரத்துப்போக ஊசி போட்டுச் சுரண்டி எடுத்தார். ரத்தம் நிற்க அடியில் சூடு வைத்தார். பத்து நாள் காத்திருக்கச் சொன்னார்.

காசியிடம் மரு விழுந்துவிட்டது என்றேன். துபாயிலிருந்து மகன் பேசினான்.

“நல்லாருக்கீங்களாப்பா?”

“இருக்கேன்டா.”

அவ்வளவுதான். ராத்திரி விரலை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு படுத்திருப்பேன்.

போன வாரம் ரிசல்ட் வந்தது. பயப்படும்படி எதுவுமில்லை. மறுபடி முளைத்தால் உடனே வரச் சொன்னார் டாக்டர். உங்களுக்கும் சின்னக் காயத்துக்குப் பிறகு இப்படிச் சிவப்பாக ஒன்று விறுவிறுவென்று வளர்ந்தால் காட்டிவிடுங்கள். முக்கால்வாசி ஒன்றும் இருக்காது. ஆனால் அதை டாக்டர் சொல்லட்டும்.

அன்று ஆஸ்பத்திரிக்கு வெளியே வந்து போனை எடுத்தேன். யாரிடம் சொல்வது? பயந்ததையே சொல்லாதவன், பயம் தீர்ந்ததை எப்படிச் சொல்வது? போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன் — எனக்கு ஒன்றுமில்லையாம்.