பதின்மூன்று செவ்வாயும் ஒரு குழாயும்

இமெல்டா பாணைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். கொட்டாஞ்சேனையில் நான்காம் மாடி வீடு. கணவனின் கட்டில் விளிம்பில் இருந்தபடி, அன்று காலை அந்தோனியார் கோயிலில் மந்திரித்துக் கொடுத்த பாணின் கருகிய ஓரத்தை வெட்டி எறிந்தாள். நடுவிலிருந்த வெள்ளைப் பகுதியை மட்டும் நகத்தளவு துண்டுகளாக்கிச் சின்னப் பீங்கானில் போட்டாள். அன்று பதின்மூன்றாவது செவ்வாய்.

சாந்தனுக்குப் பக்கவாதம் வந்து பதினொரு மாதம். வலப்பக்கம் முழுக்க விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. இரும்புக்கடையில் இருபத்தாறு வருடம் விலை பேசி, வாயால் பிழைத்த மனுஷன். இமெல்டா பாலர் பாடசாலை வேலையை விட்டுவிட்டு அவரைப் பார்த்தாள். நன்றாகவே பார்த்தாள். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைத்தபடியால் முதுகில் ஒரு புண்கூட வரவில்லை.

சிக்கல் விழுங்குவதில்தான். கூழ்ப் பதத்தில் கொடுத்த சாப்பாடும் மூன்று மாதத்துக்கு முன் புரைக்கேறத் தொடங்கியது. மூக்கால் குழாய் போட்டுச் சாப்பாடு கொடுப்பதுதான் வழி என்று கிளினிக்கில் சொன்னார்கள். இமெல்டா மாட்டேன் என்றாள். அவர் ஒரு சொல்லாவது பேச வேண்டும் என்று அந்தோனியார் கோயிலுக்குப் பதின்மூன்று செவ்வாய் போவதாக நேர்ந்து, முதல் செவ்வாயும் போய் வந்திருந்தாள். நேர்த்தி நடக்கும்போது குழாயும் போட்டால் அந்தோனியாரை நம்பவில்லை என்றுதானே அர்த்தம்? வெள்ளவத்தையில் இருக்கும் சாந்தனின் தங்கை ஸ்ரெல்லாவும் அதையேதான் சொன்னாள். அதன் பிறகு இமெல்டா ஊட்டிய ஒவ்வொரு கரண்டியும் பயத்தோடுதான் உள்ளே போனது.

காய்ந்த பாண் அவருக்கு ஆகாது என்று இமெல்டாவுக்குத் தெரியும். ஆனாலும் மந்திரித்த பாண் வேறு என்று நினைத்தாள். அதுதான் பிழை.

முதல் துண்டு இறங்கியது. இரண்டாவதைக் கொடுத்தாள். இருமல் வரவில்லை, சத்தமும் இல்லை. உதடு மட்டும் நீலமாகியது. வாய்க்குள் விரலைவிட்டுத் தோண்டினாள், பக்கவாட்டில் புரட்டி முதுகில் அடித்தாள், பக்கத்து வீட்டு லுத்பியாவைக் கூப்பிட்டுக் கத்தினாள். லுத்பியாவின் புருஷனும் இன்னும் இரண்டு பேரும் ஆளைக் கதிரையில் இருத்தி, கதிரையோடு தூக்கி இறக்கித் த்ரீவீலில் ஏற்றினார்கள்.

ஆஸ்பத்திரியில் உயிர் தங்கியது. ஆனால் பாண் நெஞ்சுக்குள் போய்ச் நியுமோனியாக் காய்ச்சலாகிவிட்டது. வியாழக்கிழமை டொக்டர் இமெல்டாவைக் கூப்பிட்டு, இனி வாயால் ஒன்றும் கொடுக்க முடியாது, சேலைனை மட்டும் வைத்து ஆளைக் காப்பாற்றவும் முடியாது, குழாய்க்குச் சம்மதமா என்று நாளைக் காலைக்குள் சொல்லுங்கள் என்றார். அவள் தலையாட்டிவிட்டு வெளியே வந்தாள். அந்தத் தலையாட்டலுக்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கே தெரியாது. குழாய் போட்டால் அவர் இனிப் பேசமாட்டார் என்று அவளே கையெழுத்து வைப்பதுபோல. போடாவிட்டால் ஆளே இல்லை.

பின்னேரம் ஸ்ரெல்லா பிளாஸ்கோடு வந்தாள்.

"பாணைக் குடுக்கேக்க உனக்குள்ள சந்தேகம் இருந்திருக்கு. இல்லாட்டி ஏன் இப்பிடி வருது?"

"ஓம் மச்சாள், இருந்தது. அதுதான் ஓரத்தை வெட்டினனான்" என்றாள் இமெல்டா.

ஸ்ரெல்லா முகத்தைத் திருப்பிக்கொண்டு பிளாஸ்கைத் திறந்தாள். இரண்டு பேருக்கும் தேத்தண்ணீர் ஊற்றினாள்.

அவள் போன பிறகு பங்கு ஃபாதர் வந்து சாந்தனுக்காகச் செபித்து, நெற்றியில் எண்ணெய் பூசினார். வெளியே வந்தவரை இமெல்டா வாட்டு வாசலில் மறித்தாள்.

"பதின்மூண்டு செவ்வாய் போனனான் ஃபாதர். ஒரேயொரு சொல்லுத்தானே கேட்டனான். ஏன் தரேல்லை?"

தனக்குத் தெரியாது என்றார் ஃபாதர்.

"நீங்களே இப்பிடிச் சொன்னால் நான் ஆரிட்டப் போய்க் கேக்கிறது?" அவளுக்குக் குரல் ஏறியது. "சிலுவையில அறையிறதுக்கு முதல் ராத்திரி தோட்டத்தில முழங்காலில நிண்டு, இரத்தமா வேர்க்க வேர்க்கக் கேட்ட தன்ர சொந்த மகனுக்கே கடவுள் ஓம் எண்டு சொல்லேல்லை. இந்தக் கொட்டாஞ்சேனை இமெல்டாவுக்கோ சொல்லப்போறார்?"

"ஓம். அந்த மகனுக்கும் கிடைக்கேல்லை" என்றார் ஃபாதர். பஸ் தரிப்பிடம் வரை அவளோடு நடந்து வந்துவிட்டுப் போனார்.

கோபத்தில் விட்ட வார்த்தை பஸ்ஸில் அவளோடேயே வந்தது. நெரிசலில் கம்பியைப் பிடித்தபடி அதையே திரும்பத் திரும்ப யோசித்தாள். மகன் கேட்டார், கிடைக்கவில்லை. அவருக்கு விசுவாசம் காணாது என்று ஸ்ரெல்லாகூடச் சொல்லமாட்டாள். அப்படியானால் கேட்டது கிடைக்காததற்குக் காரணம் கேட்டவரின் குறை என்று எப்படிச் சொல்வது? தகப்பன் மகனைக் கைவிட்டுப் போய்விட்டார் என்று சொல்வதும் சரியில்லை. மகன் கடைசிவரை அவரோடுதானே கதைத்துக்கொண்டிருந்தார். சாவு வேண்டாம் என்று கேட்டார், பிறகு எழும்பி, தன்னைப் பிடிக்க வந்தவர்களிடம் நடந்து போனார். ஏன் தரவில்லை என்பதற்கு இதில் பதில் இல்லை. இறங்கும் இடம் தாண்டியதும் தெரியவில்லை. இரண்டு தரிப்பிடம் திரும்பி நடந்தாள்.

அடுத்த நாள் காலை ஆறரைக்கே வாட்டுக்குப் போனாள். கடமையிலிருந்த தாதி மிஸ்ஸியிடம் தனக்குத் தெரிந்த சிங்களத்தில், குழாயைப் போடுங்கள் என்றாள். கையெழுத்தையும் வைத்தாள். குழாய் மூக்கால் இறங்கும்போது சாந்தன் திமிறினார், கண்ணால் தண்ணீர் ஓடியது. பிடுங்கிவிடாமல் இருக்க அவருடைய இடது கையை அவள் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். குழாய் சரியான இடத்தில் இருக்கிறதா என்று சோதிப்பது எப்படி, எவ்வளவு உயரத்தில் பிடித்து ஊற்றுவது, கடைசியில் எவ்வளவு தண்ணீர் விடுவது என்று மிஸ்ஸி ஒருமுறை செய்து காட்டினாள். பத்தரை மணிக்குக் குழாயால் கொடுக்கும் பாலை இமெல்டாவே ஊற்றினாள். ஊற்றும்போது, ஒரு சொல்லாவது பேச வையும் ஆண்டவரே என்று பழைய மன்றாட்டையே மறுபடியும் சொன்னாள். சாந்தன் பேசவில்லை. பால் ஊற்றிய பிறகு அரை மணித்தியாலத்துக்கு ஆளைச் சரியவிடக் கூடாது என்று மிஸ்ஸி சொல்லியிருந்தாள். தலையணை ஒன்றுதான் இருந்தது. இமெல்டா கட்டிலில் ஏறி, அவருடைய முதுகுக்குத் தன் தோளைக் கொடுத்து இருந்தாள்.