சிவப்புக் கோடும் நான்கு போட்டோக்களும்

நான் ஏழாம் வகுப்புப் படித்தபோது எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் இடம் தீர்ந்து, டி டிரைவின் கோடு சிவப்பாகிவிட்டது. அந்தப் பெட்டிக்கு நான்தான் ராணி என்று எனக்கு நினைப்பு. என்னைக் கேட்காமல் யாரும் அதில் கைவைக்க முடியாது.

அப்பா ஒரகடத்தில் ஓர் உதிரிபாகக் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். சேரப்பணஞ்சேரியில் எங்கள் மாடி அறையில் குடியிருந்த தென்காசி அண்ணனுக்கும் அப்பாவின் லைனில்தான் வேலை. பிரஸ் மெஷின் அவருடைய இரண்டு விரல்களை வாங்கிவிட்டது. கை உள்ளே போனால் மெஷினை நிறுத்த வேண்டிய சென்சாரின் மேல் டேப் ஒட்டியிருந்தார்கள். அதை யாரோ எடுத்த நான்கு போட்டோக்கள் அண்ணனிடம் இருந்தன. செல்லில் இடமில்லை என்று என்னிடம் கொடுத்தார்.

"யாரு சொன்னாலும் அழிச்சிராத பாப்பா" என்றார். அப்பாவை வாய் நிறைய அண்ணாச்சி என்று கூப்பிடுகிறவர். அண்ணாச்சி வீட்டில் வைத்தால் பத்திரம் என்றுதான் நினைத்திருப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா அந்தப் போட்டோக்களைப் பார்த்துவிட்டார். கம்ப்யூட்டர் திணறுகிறது, முதலில் இதை அழி என்றார். எனக்குச் சுர்ரென்று வந்தது. நான்கு போட்டோ எவ்வளவு இடம் பிடித்துவிடும்? இடத்தை அடைத்துக்கொண்டிருந்தவை அவர் சேர்த்துவைத்த சினிமாப் படங்கள். முடியாது என்றேன். அவர் குரலை உயர்த்தினார். நான் மவுஸை விடவில்லை. அவர் கண்ணெதிரிலேயே ஏழு படங்களை அழித்து, குப்பைத்தொட்டியையும் காலி செய்தேன். கோடு நீலமானது.

"இப்போ எடம் கீது இல்ல? அப்புறம் இன்னாத்துக்கு அத அழிக்கணும்?"

இன்றைக்கும் அதைத்தான் கேட்பேன். அடுப்படியிலிருந்து வந்த அம்மா, "பொண்ணு கேக்குதில்ல, சொல்லுங்க" என்றார். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். திரும்பி வந்து அழித்துவிடுவார் என்று அன்று முழுக்க நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

மறுநாள் அண்ணன் போட்டோக்களைப் பென்டிரைவில் வாங்கிக்கொண்டு வக்கீலிடம் போனார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

கம்பெனிக்கு நோட்டீஸ் வந்த வாரத்திலிருந்து அப்பா வேலைக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்தார். என்னோடு பேசவும் இல்லை. ஏழு படத்துக்கு இவ்வளவு கோபமா என்று எனக்கும் வீம்புதான். ஒரு மாதம் கழித்து நானே இறங்கிவந்தேன். போன படங்களையெல்லாம் மறுபடி ஏற்றித் தருகிறேன், நாளைக்கு ஷிஃப்டுக்குப் போங்கப்பா என்றேன்.